போன் சத்தம் கேட்கும் தூரம்

1. எடை மெஷின்

தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். 2005 வாக்கில் அங்கே நான் கிராம சுகாதார செவிலியர். பிரஷர், சுகர் என்று வந்தவர்கள் பெரும்பாலும் கல்ஃபில் கணவன் உள்ள பெண்கள். முன்பு தலையில் மீன் சுமந்து விற்றவர்கள். "நான் அனுப்புதேன்லா, நீ வெயிலுல அலையாத" என்று கணவன் சொன்னதும் கூடை இறங்கியது, உடம்பு ஏறியது.

மகளிர் குழுக் கூட்டத்துக்கு எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு போய், தினமும் நடக்க வேண்டும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன்.

"மொதல்ல நீங்க ஏறுங்க நர்சம்மா, பாப்போம்" என்றாள் பிலோமி. வாய்த்துடுக்கு அவளுக்கு. ஏறினேன். முள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. நர்சம்மாவும் கூட வந்தால் சாயங்காலம் ஆறு கடலில் சேரும் பொழிமுகம் வரை நடக்கலாம் என்று அவர்களே தீர்மானித்தார்கள்.

எனக்கு அதிகக் கவலை சகாயராணியைப் பற்றித்தான். கூட்டத்தில் அவள்தான் கனம். முட்டுவலி, சுகர்; டாக்டர் கண்டித்தே சொல்லியிருந்தார். அவள் கணவர் ஷார்ஜாவிலிருந்து மூன்று வருடம் கழித்துக் கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்தது.

"அவரு வரும்போ நான் நல்லா நடந்து அவருகூட கோவிலுக்குப் போணும்" என்றாள்.

2. யாரும் வராத நாள்

நாலைந்து நாள் நன்றாக நடந்தது. வெள்ளிக்கிழமை ஒருத்தியும் வரவில்லை. கடற்கரையில் தனியாக நின்ற எனக்கு ஆத்திரம். நேராகச் சகாயராணி வீட்டுக்குப் போனேன். போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தட்டு மரச்சீனிக் கிழங்கு வறுவல்.

"ஏன் வரல்ல?"

"இண்ணைக்கு வெள்ளியாழ்ச்சல்லா? அங்க லீவு. அவரு விளிப்பாரு."

"எத்தன மணிக்கு?"

"பூத்துல லைன் நிக்கணும் நர்சம்மா. கிட்டும்போ விளிப்பாரு."

பேச்சுக்கிடையில் தட்டு காலியானது அவளுக்கே தெரியாது. மற்ற வீடுகளிலும் இதே கதை. இவர்களை எப்படி வெளியே கொண்டுவருவது என்று எனக்குப் பிடிபடவில்லை. வழி சொன்னது சகாயராணிதான்.

"நம்ம தெருவுலயே நடந்தா மணி கேக்கும்லா?"

அப்படித்தான் நடந்தோம். வெள்ளிக்கிழமைகளில் டிவியை அணைத்து, ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, தெருமுனையில் சிலுவை நிற்கும் குருசடியிலிருந்து கிணற்றடி வரை போவதும் வருவதும். பேச்சே இருக்காது, காதெல்லாம் வீட்டில். மணி அடித்தால் எல்லாரும் நிற்பார்கள். "ஒனக்க வீடுதான் ஏட்டி, ஓடு!" முட்டுவலிக்காரி ஓடுவாள். என் பிரசங்கத்துக்கு ஒருத்திகூட அப்படி ஓடியதில்லை. பேசிவிட்டு வந்தவள் முகம் மலர்ந்து மறுபடி வந்து சேர்ந்துகொள்வாள். இன்னும் மணி அடிக்காதவர்களின் நடை தானாக வேகம் பிடிக்கும். பார்க்க எனக்குப் பாவமாகவும் இருக்கும்.

3. டிசம்பர்

ஒரு வெள்ளிக்கிழமை சகாயராணி வீட்டு மணி அடித்தது. ஓடினாள். அதற்குள் அவளுக்கு முழங்காலைப் பிடிக்காமல் ஓட வந்திருந்தது. ஆனால் சீக்கிரமே திரும்பிவிட்டாள்.

"லீவு கிட்டல்லியாம். அடுத்த வருஷம் பாப்போம்ங்காரு."

போச்சு, நாளையிலிருந்து மறுபடி அந்த நாற்காலிதான் என்று நினைத்தேன். பிலோமி அவள் கையைப் பிடித்தாள். "வா மக்கா, நடப்போம்."

நாலு எட்டு வைத்திருப்பார்கள். பிலோமி வீட்டு மணி அடித்தது. அவள் கையை விடவில்லை.

"அடிச்சுட்டுக் கெடக்கட்டும்."

சகாயராணி கையை உதறி அவளைத் தள்ளினாள். "போ ஏட்டி! பாவம், எவ்வளவு நேரம் லைன்ல நிண்ணாரோ."

பிலோமி அழுதுகொண்டே ஓடினாள். சகாயராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினாள். நான் கூடப் போனேன்.

அதன்பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் அவள் தவறவிட்டதில்லை. சுகரும் இறங்கியது. என்ன டயட் கொடுத்தீர்கள் என்று நர்சிங் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். அரிசியைக் குறைக்கச் சொன்னேன், அதெல்லாம் உண்டு. ஆனால் காத்திருக்கிறவளிடம் காத்திருக்காதே என்று சொல்லிப் பயனில்லை, கூட நடக்க ஆள் வேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஓய்வு பெற்று இப்போது நாகர்கோவிலில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அவர்களைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.