மில் சுவரோரம் மருதையன்

நூலை மெழுகில் இழுத்து, நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொண்டே "சொல்லுங்க" என்பார் மருதையன். தலை நிமிராது. திருவாரூர்க் கடைவீதியில், பண்ணையின் அரிசி மில் சுவரோரம் கிழிந்த சாக்கை விரித்துப் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். செருப்பைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். "இது சைக்கிள் மிதிக்கிற காலு. எடது பக்கந்தான் தேஞ்சிருக்கு."

அவர் தொழிலுக்கும் சாதிக்கும் சேர்த்து ஊர் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. தாலுகா ஆபீஸ் தாளில் அது சாதி. கடைத்தெருவில் அது தொழில். குளிக்க மறுக்கும் பிள்ளையைத் தாய் ஏசுவதும் அதைச் சொல்லித்தான். வரப்புத் தகராறில் இரண்டு நிலக்காரர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதும் அதுதான். இருவருக்கும் ஊசி பிடிக்கத் தெரியாது. நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது எழுதக் கை கூசுகிறது, அதனால் இங்கே எழுதவில்லை.

அறுபத்தேழில் ஆட்சி மாறி ஆறேழு வருடம் ஆகிறது. மேடையில் எல்லோரும் தமிழர். ஆனால் கூலி உயர்வு கேட்டு அறுப்பை நிறுத்தியிருக்கும் ஆட்கள்தான், கூட்டத்துக்குப் போகிற வழியில் வார் தைக்க வந்து, "மருதையண்ணே" என்று கூப்பிடுகிறார்கள். இந்தத் தை மாதத்திலிருந்து அவர் அந்தப் பழைய சொல்லுக்குத் திரும்பிப் பார்ப்பதில்லை. மனைவி நீலாம்பாளுக்குப் பயம். "ஒரு சொல்லுக்காக ஒக்கார்ற எடத்த விட்டுடாதீங்க. வேற எடம் யாரு குடுப்பா?"

நேற்று பண்ணைக் காரியஸ்தர் இளையபெருமாள் அறுந்த செருப்பைக் காலால் தள்ளிவிட்டு, அந்தச் சொல்லால் கூப்பிட்டார். மருதையனின் ஊசி நிற்கவில்லை. மூன்றாம் தடவை காரியஸ்தர், "காதுல விழலையா?" என்றார்.

"விழுந்துச்சுங்க. எம் பேரு மருதையன்."

"நாளையிலேருந்து இந்தச் சொவத்துப் பக்கம் ஒன்னப் பாக்கக் கூடாது."

ஒற்றைச் செருப்போடு காரியஸ்தர் மில்லுக்குள் போய்விட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

மருதையன் அந்தச் செருப்பை எடுத்துத் தைத்தார். எல்லோருக்கும் போடுகிற அதே இரட்டைத் தையல். பிறகு ஊசியையும் கத்தியையும் மெழுகையும் சாக்கில் சுருட்டிக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

தைத்த செருப்பைத் தரையில் வைத்துவிட்டு நாலடி விலகி நிற்பதுதான் இங்கே வழக்கம். காரியஸ்தர் வந்து காலை நுழைத்துக்கொள்வார். மருதையன் மில் வாசலில் போய் நின்று செருப்பைத் துண்டால் துடைத்தார்.

"கையில வாங்கிக்கங்க."

நாற்காலியில் இருந்தபடியே காரியஸ்தர் தரையைக் காட்டினார். மருதையன் நீட்டிய கையை மடக்கவில்லை.