முதுநகர் நிலையத்தில் அக்கா கூப்பிட்டது

பிள்ளைகளே, உங்கள் அத்தை "சாப்டியாடா?" என்று கேட்டாலே நான் ஏன் தலைகுனிகிறேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

அறுபதுகளில் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளாக இருந்தேன். இரைச்சலுக்கு நடுவே மூளை ஒரு குரலை மட்டும் எப்படிப் பிடிக்கிறது என்று பேராசிரியர் ஆராய்ந்தார். ஆய்வுக்கு வருபவர் காதில் மாட்டிய கருவியில், வலது காதில் ஒரு கதை, இடது காதில் வேறொரு கதை ஓடும். வலது காதுக் கதையைத் திருப்பிச் சொல்பவருக்கு மற்றது மனதில் நிற்காது. ஆனால் அதில் தன் பெயர் வந்தால் சிலர் திடுக்கிட்டு நிமிர்வார்கள்.

ரயில் இரைச்சலைப் பதிவு செய்ய ஒருநாள் முதுநகர் நிலையத்துக்குப் போனோம். என்னைப் படிக்க வைத்த அக்கா அங்கே கருவாட்டுக் கூடையோடு நின்றாள்.

"டேய் முருகேசா! சாப்டியாடா?"

மைக்கைப் பிடித்தபடி மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தக் கூடையோடு அவளை அக்கா என்று சொல்ல எனக்கு வெட்கம்.

"உன்னைத்தானேப்பா கூப்புடுறாங்க?" என்றார் பேராசிரியர்.

"எனக்குக் கேக்கலைங்க சார். இரைச்சல் ஜாஸ்தி."

சிதம்பரம் திரும்பி ஒலிநாடாவை ஓடவிட்டோம். அக்காவின் குரல் தெளிவாகப் பதிவாகியிருந்தது. அவளோடு நின்றிருந்த பெண் சிரிப்பதும் கேட்டது: "உன் தம்பி கண்டுக்கவே மாட்டேங்குறான்டி!"

"போடி, இந்த இரைச்சல்ல அவனுக்கு எப்புடிக் கேக்கும்? பாவம்."

நான் சொன்ன பொய்யையே அவள் எனக்காக நம்பியிருந்தாள். பேராசிரியர் என்னைப் பார்க்காமல் எழுந்து போனார்.

எல்லோரும் போன பிறகு, நாடாவைத் திருப்பி மறுபடி ஓடவிட்டேன். அவள் கூப்பிட்டு முடித்ததும் அந்தக் காலி அறையில் வாய்விட்டுச் சொன்னேன்:

"கேட்டுச்சுக்கா."