ஒன்று குறைந்த பெட்டி

அந்த எண்ணை என் கணவர் லாரியில் ஏறும்போதுதான் சொன்னார். பத்து லட்சத்து நாற்பதாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

"இதை நீ உடைச்சிட்டேன்னா வடக்க போற வண்டிய விட்டுட்டு வந்துருதேன். போன்ல கணக்குப் போடக் கூடாது."

எங்களுக்குள் அது பழைய விளையாட்டு. முன்பு இருவரும் நாரணாபுரத்தில் ஒரே பட்டாசுக் கம்பெனியில், வேறு வேறு அறைகளில் வேலை பார்த்தோம். போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் காலையில் ஒரு எண்ணைக் கொடுப்பார். எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் அது வரும் என்று சாயங்காலம் பைக்கில் பின்னால் உட்கார்ந்து நான் சொல்ல வேண்டும். பகா எண் என்றால் "உடையாது" என்றால் போதும். பிறகு அவர் மட்டும் பட்டாசு லோடு ஓட்டப் போனார். "போகாதீக" என்று நான் சொன்னது காதில் ஏறவே இல்லை. பிடிவாதத்தில் அந்த மனுசனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

புஸ்வாணத்துக்கு லேபிள் ஒட்டிக்கொண்டே தினமும் மனசுக்குள் வகுத்தேன். மூன்று போகவில்லை. ஏழு, பதினொன்று, பதின்மூன்று எதற்கும் மசியவில்லை. நூற்றைத் தாண்டியதும் எதுவரை வந்தேன் என்பது மறந்துபோகும். மறுபடி முதலிலிருந்து. உடையாத எண்ணாகப் பார்த்துக் கொடுத்து என்னைக் கழற்றிவிட்டாரோ என்று வயிறு எரிந்தது. கம்பெனி வேனில் திரும்பும்போது, அவர் முதுகில் சாய்ந்து கணக்குச் சொன்ன சாயங்காலங்களுக்காக ஏங்கினேன். வெட்கமில்லாமல் ஏங்கினேன்.

"என்னடி, உதடு அசையுது? சாமி கும்பிடுதியா?" என்றாள் பக்கத்தில் பெட்டி அடுக்கும் அக்கா.

"ஆமாக்கா. உங்க தம்பி வீடு வந்து சேரணும்னு."

அவள் சிரித்துக்கொண்டே ஒரு பெட்டியை என் பக்கம் தள்ளினாள். ஐந்துக்கு ஐந்து அடுக்கும் பெட்டி. ஒரு மூலை மட்டும் காலி.

"ஒண்ணு குறையுது பாரு. வச்சு மூடு."

வைக்கப் போன கை நின்றது. இருபத்தைந்தில் ஒன்று குறைந்தால் இருபத்துநான்கு. அது நாலாறு. ஐந்துக்கு முந்தியதும் பிந்தியதும். என் எண்ணிலும் ஒன்றுதானே குறைகிறது? அதைச் சேர்த்தால் பத்து லட்சத்து நாற்பதாயிரத்து நானூறு. ஆயிரத்து இருபதை அதே எண்ணால் பெருக்கினால் அது வந்துவிடும். அப்படியானால் ஆயிரத்துப் பத்தொன்பதும் ஆயிரத்து இருபத்தொன்றும்.

வேலை முடிந்து போனை வாங்கியதும் கேட்டிலேயே நின்று அவரை அழைத்தேன். இரண்டு எண்களையும் சொன்னேன். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தும் சத்தம் கேட்டது.

"எம்புட்டு நாளாக்கிட்ட, புள்ள," என்றார். "நான் பெருக்கிக் கொடுத்ததுதான அது. இன்னிக்குச் சொல்லிருவா, இன்னிக்குச் சொல்லிருவான்னு போற ஊர்லயெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீக? வரணும்போல இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா, நான் வேண்டாம்பேனா?"

"சொல்லத் தெரியல," என்றார்.

அவர் அப்போது நாக்பூரில் இருந்தார். நான் அன்றைக்கே பைக்கின் உறையை எடுத்து, பின் சீட்டைத் துடைத்து வைத்தேன்.