வெண்ணிலாவின் காதும் புஷ்பலதாவின் குரலும்

புஷ்பலதாவின் குரலுக்கு மாடம்பாக்கத்தில் தனி மரியாதை உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய குப்பத்திலிருந்து மீன் கூடையோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, தெரு முனையில் நின்று "மீனேய்" என்று ஒரு இழுப்பு இழுத்தாளானால், நாலாவது மாடியில் மிக்ஸி ஓடுகிற சமையலறைக்குக்கூட அது போய்ச் சேரும். அபார்ட்மென்ட் பெண்கள் பாத்திரத்தோடு இறங்கி வருவார்கள். கரையில் ஏலத்தில் மீன் எடுக்கவும் அந்தக் குரல்தான், தெருவில் விற்கவும் அந்தக் குரல்தான். அவளுடைய தொழிலுக்கு அதுவே முதல்.

இதில் அவளை மட்டும் சொல்லிப் புண்ணியமில்லை. அந்தக் குப்பத்தில் யாருமே மெதுவாகப் பேசிப் பழகியதில்லை. அலைச் சத்தம் ஒரு பக்கம், ஃபைபர் படகு இன்ஜின் ஒரு பக்கம், நடுவில் ஏலம். ஒரு வீட்டில் உப்புக் கடன் கேட்பதை வெளியூர்க்காரர்கள் கேட்டால் அடிதடி என்று நினைத்துப் போலீசைக் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த பெண்தான் வெண்ணிலா. புஷ்பலதாவுக்கும் கார்த்திக்கும் ஒரே பிள்ளை. குப்பத்துக்குப் பக்கத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு.

வெண்ணிலாவின் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். கரும்பலகையில் இருப்பதை ஒரு புள்ளி விடாமல் எழுதிவிடுவாள். ஆனால் டீச்சர் வாயால் சொல்லி எழுதச் சொன்னால் பக்கம் வெள்ளையாகவே இருக்கும். கேள்வி கேட்டால் பதில் வராது, ஒரு சிரிப்பு வரும். வகுப்பாசிரியை சுபத்ரா நிறைய நாள் கவனித்துப் பார்த்துவிட்டுத் தாயை வரச் சொன்னாள். சுபத்ரா மெல்லிய குரல்காரி. வராண்டாவில் நின்று, "புஷ்பாக்கா, வெண்ணிலாவுக்குக் காதை ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாமா?" என்று பக்குவமாகத்தான் கேட்டாள்.

புஷ்பலதாவுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"இன்னா டீச்சர் சொல்றீங்கோ? எம்பொண்ணு செவிடுன்றீங்களா? இப்ப பாருங்கோ" என்று சொல்லி, மைதானத்தின் அந்தக் கோடியில் விளையாடிக்கொண்டிருந்த பெண்ணை நோக்கி, "வெண்ணிலாஆ!" என்று ஒரு கத்தல் கத்தினாள்.

வெண்ணிலா திரும்பினாள். அவள் மட்டுமா, பள்ளிக்கூடமே திரும்பியது. சத்துணவுக் கூடத்தில் அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாள் வெளியே ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். "பாத்தீங்களா? காது கணீர்னு கீது" என்று புஷ்பலதா முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டாள்.

ஜெயித்த கையோடு வீட்டுக்கு வந்தவளுக்கு, அந்த ஜெயமே வினையாய் முடியும் என்று தெரியாது. காதில் கோளாறு இல்லை என்று தாயே நிரூபித்துவிட்டதால், தலைமையாசிரியர் அரிகிருஷ்ணன் வேறு முடிவுக்கு வந்தார். அவர் கெட்டவர் இல்லை. வேலை மிகுந்தவர், அவ்வளவுதான். "குழந்தைக்குப் புத்தி கொஞ்சம் மந்தம்மா. இந்த வருஷம் முடிஞ்சதும் சிட்டியில இருக்குற ஸ்பெஷல் ஸ்கூல் ஹாஸ்டல்ல சேத்துடுங்க. அதுதான் அவளுக்கு நல்லது" என்று சொல்லிவிட்டார். அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற பெண்ணை ஹாஸ்டலில் விடுவதா? கார்த்தி அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. புஷ்பலதாவோ மகளின் முதுகில் ரெண்டு வைத்து, "வாயத் தொறந்து பதில் சொன்னா இன்னாடி?" என்று திட்டிவிட்டு, தானும் உட்கார்ந்து அழுதாள்.

உண்மை வெளியே வந்தது ஒரு சாவு நாளில். குப்பத்துப் பஞ்சாயத்தை நடத்தி வந்த ஊர் நாட்டார் துலுக்காணம் இறந்து போனார். குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் கடலில் இறங்குவதில்லை. படகெல்லாம் மணலில் ஏறிவிடும். ஏலம் கிடையாது. பிணத்தை எடுக்க மேளக்காரர்கள் வரும்வரை யாரும் குரலை உயர்த்தக் கூடாது என்பது அவர்கள் ஊர்க் கட்டுப்பாடு. கடலும் அன்றைக்கு அடங்கித்தான் கிடந்தது. சாவு வீட்டுக்குப் பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த புஷ்பலதா, எதிரே முதுகு காட்டி உட்கார்ந்து மணலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த மகளை, "வெண்ணிலா, சொம்புல தண்ணி எட்தா" என்று மெதுவாகக் கூப்பிட்டாள்.

பெண் அசையவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள். அதற்கும் அசையவில்லை. "எவ்ளோ திமிரு" என்று பல்லைக் கடித்து, கையை ஓங்கிக்கொண்டு எழுந்து போய், முதுகுக்குப் பின்னால் குனிந்து மறுபடி பேர் சொன்னாள். பக்கத்தில் ஒருத்தியின் மடியில் இருந்த கைக்குழந்தை சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தது. வெண்ணிலா கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டே இருந்தாள்.

இத்தனை வருஷமாய் இந்தப் பெண் தன் சொல்லைக் கேட்டதே இல்லை, கத்தலை மட்டும்தான் கேட்டிருக்கிறது என்று புஷ்பலதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மகளைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் மீனுக்குப் போகவில்லை. நேரே சுபத்ராவிடம் போனாள். "நான்தான் கத்திக் கத்தியே மறைச்சுட்டேன் டீச்சர். இப்ப இன்னா பண்ணணும், சொல்லுங்கோ" என்றாள். சுபத்ரா குத்திக்காட்டவில்லை. அரை நாள் லீவு போட்டு, தாயையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வட்டார வள மையத்துக்குப் பஸ் ஏறினாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் கண், காது, கை, கால் குறையுள்ளவர்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் உதவுவதற்கென்றே அங்கே ஆட்கள் இருந்தார்கள். ஜாய்சன் என்கிற சிறப்பாசிரியர் வெண்ணிலாவை உட்கார வைத்துச் சோதிக்க ஏற்பாடு செய்தார். பாதிக்கு மேல் கேட்கவில்லை. காதுக்கு மிஷின் வைத்தால் கேட்கும், அதை இலவசமாகவே வாங்கித் தரலாம் என்றார். புத்தியில் ஒரு குறையும் இல்லை, கரும்பலகையையும் உதட்டையும் பார்த்தே இவ்வளவு படித்திருக்கிறாள் என்றும் சொன்னார்.

"இதெல்லாம் இத்தினி நாளா இங்கதான் கீதா சார்?"

"இங்கதான் இருக்கு. மாசாமாசம் பெத்தவங்களுக்குன்னே கேம்ப் போடறோம். உங்க பக்கத்துலேர்ந்து ஒருத்தரும் வர்றதில்லையே."

"எப்ப போடறீங்கோ?"

"காலையில பத்து மணிக்கு."

"அந்நேரம் நாங்க ஏலத்துல நின்னுகினு இருப்போம் சார். எங்கேந்து வர்றது?"

ஜாய்சன் தலையைச் சொறிந்தார். அந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்த்திருக்கவில்லை.

மிஷின் வந்தது. ஆனால் அதைக் காதில் வைத்த முதல் நாளே வெண்ணிலா பிடுங்கி எறிந்துவிட்டு அலறினாள். பாவம், அவளுக்கு உலகம் இவ்வளவு இரைச்சலானது என்று யார் சொல்லியிருக்கிறார்கள்? "முதல்ல வீட்டுக்குள்ள பழக்குங்க. யாரும் கத்தக் கூடாது, எதிர்ல உக்காந்து மெதுவாப் பேசணும்" என்றார் ஜாய்சன். புஷ்பலதாவைப் பார்த்துக் கத்தாதே என்பது மீனைப் பார்த்து நீந்தாதே என்பது போல. ஆனாலும் அவள் விடவில்லை. கார்த்தி மறந்துபோய்க் குரலை உயர்த்தினால் முறைப்பாள்.

"இன்னாமே, எங்க வூட்லயே நான் திருடன் மாதிரி பேசணுமா?" என்று அவன் கிசுகிசுப்பான்.

"பேசுயா. எம்பொண்ணுக்கோசரம் திருடன் மாதிரியே பேசு" என்று அவளும் கிசுகிசுப்பாள்.

பக்கத்து வீட்டு முத்தாலம்மாள், புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோச்சு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். வெண்ணிலா மெல்ல மெல்ல மிஷினோடு ராசியானாள். அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டு சொன்ன கதைகளை முதல் தடவையாக இருட்டிலும் கேட்டாள்.

வருஷக் கடைசியில் அரிகிருஷ்ணன், தாமே சொல்வதை எழுதும் தேர்வு வைப்பதாகச் சொன்னார். ஜாய்சன் சொன்னதைக் கேட்டும் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை; சுபத்ரா மன்றாடி வாங்கிய வாய்ப்பு அது. அதில் எழுதினால் இந்தப் பள்ளி, இல்லையென்றால் ஹாஸ்டல். புஷ்பலதா ஜன்னலுக்கு வெளியே நின்றாள். அவர் வேண்டுமென்றே வகுப்பின் கடைசி வரிசைக்குப் போய், பிள்ளைகளின் முதுகுப் பக்கம் நின்று, உதடு தெரியாதபடி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். வெண்ணிலா நிமிரவே இல்லை. பென்சில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசிச் சொல்லை அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். பக்கத்துப் பிள்ளை "என்ன சார்?" என்று கேட்டது. வெண்ணிலா எழுதி முடித்திருந்தாள்.

தலைமையாசிரியர் அந்தத் தாளை இரண்டு முறை பார்த்தார். பிறகு வெளியே வந்து, "நான்தாம்மா அவசரப்பட்டுட்டேன். இவ எங்க பொண்ணு, இங்கேயே படிப்பா" என்றார். புஷ்பலதா அவர் முன்னாலேயே ஓவென்று அழுதாள். அழுகையை அடக்க அவளுக்கு இன்னும் யாரும் சொல்லித் தரவில்லை.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் பெற்றோர்கள் அவளையே தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் செய்த முதல் காரியம் கேம்பைக் கரைக்குக் கொண்டுவந்தது. ஏலம் முடிந்த கையோடு ஏலக் கொட்டகையிலேயே ஜாய்சன் மேஜை போட்டார். மீன் கையைக்கூடக் கழுவாமல் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குக் காதுக் கோளாறும், ஒரு பிள்ளைக்குக் கண்ணாடி போட வேண்டியதும் அன்றைக்கே தெரிந்தது. "புஷ்பா மட்டும் இல்லைன்னா" என்று முத்தாலம்மாள் இப்போது வேறு கதையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பள்ளி திறந்த பிறகு நடந்த பெற்றோர் கூட்டத்தில், நாலாம் வகுப்புக்கும் டீச்சராக வந்திருந்த சுபத்ரா கொஞ்சம் தயங்கித்தான் ஆரம்பித்தாள்.

"புஷ்பாக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வெண்ணிலா பத்தி ஒரு கம்ப்ளெய்ண்ட்."

"இன்னா டீச்சர்?"

"கிளாஸ்ல வாயே மூட மாட்டேங்கிறா. பக்கத்துல யாரை உக்கார வெச்சாலும் பேசிக்கிட்டே இருக்கா. நீங்க கொஞ்சம் கண்டிச்சு வையுங்க."

புஷ்பலதா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். பின்னால் உட்கார்ந்திருந்த கார்த்தியையும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"இவுரும் கேக்கட்டும். இன்னொரு வாட்டி சொல்லுங்கோ டீச்சர்" என்றாள்.