நாற்பது வீட்டில் முப்பத்தொன்பது

கிமிலிலிச் சந்தையைச் சுற்றியுள்ள ஊர்களில் நசம்புவிடம் பொய் சொல்லாத ஆள் கிடையாது. அதற்காக அவள் யாரையும் கோபித்துக்கொண்டதும் கிடையாது. அதுதான் அவள் பிழைப்பு. நைரோபியில் இருந்த ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்துக்காகப் பதினான்கு வருடமாக வீடு வீடாகப் போய் யாருக்கு ஓட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். முச்சந்தியிலிருந்து இடது கைப் பக்கம் நடக்க வேண்டும். ஐந்தாவது வீட்டில் நுழைய வேண்டும். அந்த வீட்டில் யாருக்கு அடுத்து பிறந்தநாள் வருகிறதோ அவரைத்தான் கேட்க வேண்டும். இது விஞ்ஞானம். பிறந்தநாளைப் பற்றி விசாரித்ததும் கேக் இருக்கிறதா என்று பிள்ளைகள் அவள் பையை எட்டிப் பார்க்கும். அதற்கு விஞ்ஞானத்தில் வழி சொல்லவில்லை.

வந்தவளுக்கு முற்றத்தில் முக்காலி போட்டு, பால் டீயும் அவித்த சர்க்கரைவள்ளியும் கொடுத்துவிட்டு, அவள் முகம் கோணும்படி ஒரு பதிலைச் சொல்லி அனுப்பும் வழக்கம் அந்தப் பக்கத்துப் புக்குசு இன ஜனங்களிடம் இல்லை. அதனால் எல்லோரும் முதலில் அவள் யார் பக்கம் என்று பார்ப்பார்கள். பிறகு அந்தப் பக்கமே தாங்களும் என்பார்கள். ஒரு தேர்தலில் நிறுவனம் கொடுத்த தொப்பி பச்சை நிறம். அந்த வருடம் பச்சை ஒரு கட்சியின் நிறமும்கூட. நசம்பு தொப்பியோடு நூறு வீடு ஏறி இறங்கினாள். மறுவாரம் டிவியில் பழுப்பு நிறக் கோட்டுப் போட்ட ஒருவர், மேற்கில் பச்சை அலை வீசுவதாகவும் பிழை மூன்று சதவீதத்துக்கு மேல் போகாது என்றும் அறிவித்தார். தேர்தலில் பச்சைக் கட்சி மண்ணைக் கவ்வியது. அதே கோட்டுக்காரர் மூன்று நாள் உட்கார்ந்து 'மௌன வாக்காளர்கள்' என்று காரணம் சொன்னார். நசம்புவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் பார்த்தவர்களில் ஒருவராவது மௌனமாக இருந்திருந்தால் அவள் வெயிலுக்கு முன் வீடு திரும்பியிருப்பாள்.

இந்தக் கதைகளைச் சாப்பாட்டு வேளையில் கணவர் வெகுலோவிடம் சொல்வாள். அவர் ஊர் ஆரம்பப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியர். கையிலிருக்கும் சோளமாவு உகாலி உருண்டை ஆறும்வரை சிரிப்பார். கருத்துக்கணிப்பை நம்புகிறவனை என் வகுப்பில் மூன்றாம் முறையாக உட்கார வைப்பேன் என்பார். அப்படிப்பட்டவருக்குத்தான் ஐம்பத்தோராவது வயதில் வார்டு உறுப்பினர் ஆகும் ஆசை வந்தது.

போவோர் வருவோரெல்லாம் "வாத்தியாரே, நீங்க நின்னா போதும்" என்று சொல்லிச் சொல்லி ஏற்றிவிட்டிருந்தார்கள். சிக்கல் என்னவென்றால், அரசாங்க ஆசிரியர் தேர்தலில் நிற்க வேண்டுமானால் வேலையை விட வேண்டும். ராஜினாமாக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். தோற்றால் பள்ளியும் இல்லை, பதவியும் இல்லை. கடைசிப் பையனின் கல்லூரி நடுவழியில் நிற்கும். ஆகவே திங்கட்கிழமை காலை, தன்னுடைய வெற்றி வாய்ப்பை முறைப்படி அளந்து சொல்லும்படி மனைவியைக் கேட்டார்.

"நாப்பது வீடு போதும். ஆனா விஞ்ஞான முறைப்படி இருக்கணும். நீ என் பக்கம்னு காட்டிக்கவே கூடாது."

"உங்க பொண்டாட்டின்னு என்னை இந்த வார்டுல யாருக்கும் தெரியாதாக்கும்," என்றாள் நசம்பு.

அதற்கு அவர் காது கேட்காதவர் போல வேட்பாளர்களின் பட்டியலை எழுதிக் கொடுத்தார். தன் பெயரை நான்காவதாகப் போட்டிருந்தார், நடுநிலைக்காக. மற்றவன் ஜெயிப்பான் என்று சொல்லும் கணிப்பு குப்பை; தான் ஜெயிப்பதாகச் சொல்லப்போகும் கணிப்பு விஞ்ஞானம். படித்தவர்களுக்கு இந்த வித்தை சீக்கிரம் பிடிபட்டுவிடுகிறது.

நசம்பு நடந்தாள். இடது கைப் பக்கம், ஐந்தாவது வீடு. எங்கும் முக்காலி, எங்கும் டீ, எங்கும் வாத்தியார். ஒரு கிழவர் இரண்டு கையையும் தூக்கி, இரண்டு ஓட்டும் வாத்தியாருக்கே என்றார். தற்போதைய உறுப்பினர் வசில்வாவின் படம் போட்ட சட்டையை மாட்டியிருந்த ஒருவன்கூட, சட்டை வேறு மனசு வேறு என்று விளக்கினான். அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

இருபத்தெட்டாவது வீடு அவள் மருமகன் கீசாவுடையது. புக்குசு வழக்கப்படி மாமியாரும் மருமகனும் முகத்துக்கு முகம் நிற்கக் கூடாது, கை கொடுக்கக் கூடாது, அவன் கூரைக்குக் கீழே அவள் போகக் கூடாது. ஐந்தாவதை விட்டு ஆறாவது வீட்டுக்கு நகர்ந்திருக்கலாம். ஆனால் பதினான்கு வருடத்தில் ஒரு முறையும் அவள் எண்ணிக்கை பிசகியதில்லை. அந்தக் கர்வம் விடவில்லை. அடுத்த பிறந்தநாளும் பார்த்துப் பார்த்து கீசாவுக்கே வந்தது. ஆகவே கீசா வீட்டுக்குள் உட்கார்ந்தான். நசம்பு வெளியே அவகாடோ மரத்தடியில் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மகள் நமல்வா வாசற்படியில் நின்று, அம்மாவின் கேள்வியை உள்ளேயும் புருஷனின் பதிலை வெளியேயும் கொண்டுபோய்க் கொடுத்தாள். பேச்சு மூன்று பேருக்கும் நன்றாகவே கேட்டது. ஆனாலும் மரியாதை மரியாதைதானே.

யாருக்கு ஓட்டு என்ற கேள்வியை நமல்வா உள்ளே சொன்னாள். கீசா வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன்.  உள்ளேயிருந்தே நிதானமாகச் சொன்னான்.

"என் ஓட்டு மாமாவுக்குத்தான். ஆனா அவர் ஜெயிக்க மாட்டாருன்னு சொல்லு. வண்டில பின்னாடி உக்காந்து வர்றவங்களுக்கு என் முகம் தெரியாது, நான் யார் மருமகன்னும் தெரியாது. அதனால உள்ளதைப் பேசறாங்க. எல்லாரும் வசில்வாதான்கறாங்க. மாமாவ வேலைய விடவேண்டாம்னு சொல்லு."

நமல்வா வாசற்படியிலேயே நின்றாள். அப்பாவைப் பற்றிப் புருஷன் சொன்ன அந்த வார்த்தையைத் தன் வாயால் அம்மாவிடம் எப்படிச் சொல்வாள்? தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பினாள்.

"தெரியலைங்கறார், அம்மா."

வழக்கப்படி, கொண்டுவந்து கொடுத்ததுதான் பதில். முதுகுப் பக்கம் காதில் விழுந்தது பதில் ஆகாது. மருமகன் வாய்ச்சொல் மாமியாருக்கு நேராக வந்ததாக ஒப்புக்கொள்வதே கேவலம். நசம்பு 'தெரியாது' என்ற கட்டத்தில் கோடு போட்டாள். பென்சில் கொஞ்சம் அழுந்தியது.

வியாழக்கிழமை சாயங்காலம் வெகுலோ கணக்கைப் பார்த்தார். நாற்பதில் முப்பத்தொன்பது. ஒரு ஆள் தெரியாது என்கிறார், பாவம் கூச்ச சுபாவம் போல என்று தாமே தீர்ப்பும் சொன்னார். ராஜினாமாக் கடிதம் தயாராக இருந்தது. அதைத் தன் அழகான கையெழுத்தில் மூன்று முறை எழுதி, மூன்றாவதை வைத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் கை மடிக்கவில்லை. உள்ளுக்குள் எங்கோ பயம் இருந்திருக்க வேண்டும்.

"பதினாலு வருஷம் இதே வேலை செஞ்சவ நீ. தாள்ல இருக்கறத விடு. நீ என்ன நினைக்கிற, நமல்வா அம்மா? ஜெயிப்பேனா?"

சொல்லியிருக்கலாம். அந்த முப்பத்தொன்பதும் டீயோடு சேர்த்துக் கொடுத்த மரியாதைதான் என்று அவளைவிட நன்றாக அறிந்தவர் அந்த வார்டில் இல்லை. ஆனால் சொன்னால், யார் சொன்னது என்பார். கீசா பெயரைச் சொன்னால் மாமனாரும் மருமகனும் ஜென்மத்துக்கும் பேச மாட்டார்கள். சொன்னது எப்படி உன் காதில் விழுந்தது என்று அவளையும் கேட்பார். பெயரை விட்டுவிட்டுத் தன் எண்ணம் என்றே சொல்லியிருக்கலாம்தான். அவர் கண்ணைப் பார்த்தாள். ஒரே ஒரு சொல்லுக்காக அந்த மனிதர் காத்துக்கொண்டிருந்தார். அவள் கையில் டீக் கெண்டி இருந்தது, அவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பதில் வேறு எப்படி வரும்?

"ஜெயிப்பீங்க," என்றாள்.

கடிதம் வெள்ளிக்கிழமை காலை போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரமே பள்ளிக்கு வேறு துணைத் தலைமையாசிரியர் வந்தார். ஜெயிக்க மாட்டார் என்று சொன்ன கீசாதான் மாதக்கணக்கில் வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தொண்டை கிழிய மாமனாருக்கு ஓட்டுக் கேட்டான்.

ஓட்டு எண்ணியபோது வசில்வாவுக்கு மூவாயிரத்துச் சொச்சம். வெகுலோவுக்கு ஐம்பத்தேழு. ரத்த உறவு மட்டுமே அந்த வார்டில் எண்பது ஓட்டு வரும்.

மறுநாளிலிருந்து ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்தார்கள். முப்பத்தொன்பது வீட்டிலிருந்தும் வந்தார்கள், சிலர் கோழியோடு. தான் வாத்தியாருக்குத்தான் போட்டதாக ஒவ்வொருவரும் சொன்னார்கள். எண்ணினவன்தான் திருடன் என்றார்கள். வந்தவர்கள் சொன்னதைக் கூட்டிப் பார்த்தால் வெகுலோ பெரும்பான்மையோடு ஜெயித்திருந்தார். நசம்பு எல்லோருக்கும் டீ ஊற்றினாள்.

நாலாம் நாள் முற்றம் காலியானது. அந்த நேரத்தில் பள்ளியில் இருந்து பழகிய மனிதருக்கு உட்காரவும் பிடிக்கவில்லை, நிற்கவும் பிடிக்கவில்லை. சுவரோரம் வந்து, தெரியாது என்றவர் யார் என்று கேட்டார். நசம்பு இந்த முறை மறைக்கவில்லை. கீசா உள்ளே சொன்னது, நமல்வா வெளியே சொன்னது, தான் எழுதியது, வியாழக்கிழமை தன் வாயில் வந்தது எல்லாவற்றையும் சொன்னாள்.  திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெகுலோ வந்திருந்த கோழிகளுக்கு ஒரு பிடி சோளம் இறைத்தார்.

"நீ யாருக்குப் போட்ட?" என்றார்.

"உங்களுக்குத்தான்."

அது உண்மை. அந்த ஐம்பத்தேழில் ஒன்று சத்தியமாக அவளுடையது. ஆனால் சொல்லி முடித்ததும், முப்பத்தொன்பது பேர் சொன்ன அதே குரலில் அது தன் காதிலேயே விழுந்தது.  அவர் முகத்தில் ஒன்றும் காட்டாமல், மரியாதையாகத் தலையை ஆட்டினார். முற்றம் முற்றமாகப் பதினான்கு வருடம் அவளும் அப்படித்தான் ஆட்டியிருந்தாள்.

"சரி," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.