செத்த பிரதமரின் வீட்டில் எனக்கு வேலை

உயிரோடு இருக்கும் பிரதமரிடம் சனம் வீதி கேட்கும், வேலை கேட்கும். செத்துப்போன பிரதமரின் வீட்டுக்கு வந்தால் கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்கும். அந்தக் கேள்விக்குச் சிரித்த முகத்தோடு பதில் சொல்லுகிற உத்தியோகம் என்னுடையது. கடையிலும் வங்கியிலும் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையிலும் நாள் முழுக்க நின்று சனத்தைச் சமாளிக்கிற என் கூட்டாளிகளே, இதை உங்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

மொன்றியல் தீவின் மேற்கு நுனியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், தண்ணீரைப் பார்த்தபடி ஒரு பழைய மரவீடு இருக்கிறது. முன்னொரு காலத்தில் நாட்டை ஆண்ட ஒருவர் குடும்பத்தோடு இருந்த வீடு. இப்போது கீழ்த்தளம் அருங்காட்சியகம், மேல்தளம் அவருடைய புத்தகங்கள் நிறைந்த நூலகம். அவருடைய பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இயக்குநர் என்னைக் கூப்பிட்டுக் கதைப்பார். மனதுக்குள் நான் அவரை "ஐயா" என்றுதான் அழைப்பது. நான் குடியிருக்கிற அஹுன்ட்சிக்கிலிருந்து மெட்ரோவும் பஸ்ஸும் மாறிப் போய், ஐயாவின் வாழ்க்கையைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வருகிறவர்களுக்கு விளக்கிவிட்டுத் திரும்புவேன். அதற்கு முன் டவுன்டவுனில் ஒரு உணவகத்துக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வெங்காயம் கேள்வி கேட்காது, அது உண்மை. ஆனாலும் எனக்கு இந்த வேலையில்தான் உயிர்.

விறகு

முதல் மாதம் நான் விழுந்து விழுந்து படித்துக்கொண்டு போய் ஒப்புவித்தேன். ஐயாவின் தேர்தல்கள், அவருடைய பெரிய உரை, அரசியலமைப்புப் பற்றி அவருக்கும் மாகாணங்களுக்கும் நடந்த இழுபறி, ஒன்றையும் விடவில்லை. ஒரு நாள் வயதான கியூபெக்காரர் ஒருவர் மட்டும் வந்தார். நான் கதைத்த நேரம் முழுக்கத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இப்படி ஒரு ரசிகர் கிடைத்தாரே என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. கடைசியில், ஏதாவது கேள்வி உண்டா என்று கேட்டேன்.

அவர் சுவரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். ஜன்னல் இடுக்கில் விரலை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "அரசியலமைப்பு எல்லாம் சரி மடாம், இந்த வீட்டைச் சூடாக்க ஒரு குளிர்காலத்துக்கு எவ்வளவு விறகு போயிருக்கும்?"

அமைச்சரவைக் கூட்டம்

பள்ளிப் பிள்ளைகள் வந்தால் ஐயாவின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருத்தி அமைச்சரவை நடத்துவோம். ஒரு பிள்ளை பிரதமர், மற்றவர்கள் அமைச்சர்கள். இரண்டு ஊர் இருக்கிறது, ஒரு பாலம் கட்டத்தான் வசதி இருக்கிறது, எந்த ஊருக்குக் கட்டுவது என்று அவர்கள் முடிவெடுக்க வேண்டும். சனநாயகம் என்றால் என்ன என்று அவர்களுக்குப் புரியவேண்டும் என்பது எங்கள் நோக்கம்.

அன்று பிரதமராக வந்தவள் முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சின்னப் பெண். அமைச்சர்கள் மேசையில் அடித்துக் கத்தினார்கள். ஒருவர் மற்றவரின் தொப்பியைப் பறித்தார். உண்மையான பாராளுமன்றம் தோற்றுப்போகும். பிரதமர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள், பிறகு கதிரையில் ஏறி நின்று தீர்ப்புச் சொன்னாள்: "சத்தம் போட்ட ஊருக்குப் பாலம் இல்லை, இரண்டு ஊரும் சத்தம் போட்டது, எல்லோரும் நீந்திப் போங்கள்."

நீல உறை

இனி என் வேலை போகப் பார்த்த கதைக்கு வருகிறேன். எங்கள் பொருட்களைப் பாதுகாக்கிறவர் மொனிக். ஐயாவின் பேனா, கண்ணாடி, மனைவியின் கையுறை எல்லாவற்றையும் பெற்ற பிள்ளையைப் போலப் பார்ப்பா. அவவுக்கு ஒரே எதிரி உப்பு. பனி பெய்தால் அதை உருக்க நகராட்சி வீதியெல்லாம் உப்புக் கொட்டும். அந்த உப்பு சனத்தின் சப்பாத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்து, ஐயா காலத்துப் பைன் மரத் தரையை அரிக்கும். சப்பாத்துக்கு மேலே மாட்ட நீலப் பிளாஸ்டிக் உறை கொடுத்துப் பார்த்தோம். சிலருடையது கிழிந்தது, சிலர் வழுக்கினார்கள், ஒருவர் தலையில் மாட்டிப் படம் எடுத்தார்.

சப்பாத்தைக் கழற்றச் சொன்னால் என்ன என்று மொனிக் ஒருமுறை கேட்டவ. அருங்காட்சியகத்துக்குக் கோட் போட்டு வருகிற பெரிய மனிதர்களிடம் அப்படிச் சொல்ல முடியாது, கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று இயக்குநர் லூக் மறுத்துவிட்டார். அதனால் முடிவு இதுதான்: குளிர்காலம் முழுக்க வீட்டைப் பூட்டுவது. வீடு பூட்டினால் விளக்கம் சொல்லுகிறவளுக்கு என்ன வேலை? எனக்கு வெங்காய வாசம் மூக்கில் அடித்தது. நான் லூக்கிடம் போய்க் கெஞ்சினேன். பூட்டுவதற்கு முன் வருகிற ஞாயிறு பொதுமக்கள் நாள் இருக்கிறது, இதுவரை இந்தப் பக்கமே வராத சனத்தை அன்று கொண்டுவந்து காட்டு, நிர்வாகக் குழுவோடு பேசிப் பார்க்கிறேன் என்றார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த மொனிக் என்னைத் தனியே கூப்பிட்டா. கோபமாக இல்லை, கவலையாகத்தான் சொன்னா: "நீ சனத்தைக் கொண்டுவருவாய் என்று எனக்குத் தெரியும், அவர்களோடு உப்பும் வரும் என்றுதான் பயமாக இருக்கிறது."

வந்து சொன்னால்தான்

இதுவரை வராத சனம் என்றால் எங்கள் தமிழ்ச் சனம்தான். இதை விடத் திறமான ஆட்கள் எங்கே கிடைப்பார்கள்? தமிழில் வடிவாக ஒரு அழைப்பு எழுதி, "அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் நாள்" என்று தலைப்பும் போட்டு, வட்ஸ்அப் குழுவில் விட்டேன். கும்பிடுகிற கைகளும் கட்டைவிரல்களும் பூக்களும் வந்து குவிந்தன. எனக்கு நம்பிக்கை இல்லை. போன வருடமும் இதே பூக்கள் வந்தன, ஆள் ஒன்றும் வரவில்லை.

எங்கள் தெருவில் பத்மா அக்கா இருக்கிறா. கலியாணமோ, பெண் பிள்ளை பெரியவளான சாமத்தியவீடோ, அவ போனால் அவவுக்குப் பின்னால் ஐந்தாறு குடும்பம் போகும். அவவிடம் போய் இருந்து, ஏனக்கா ஒருவரும் வருவதில்லை என்று மனம்விட்டே கேட்டேன். "போனில வாறதுக்கெல்லாம் போறதெண்டால் நாங்கள் வீட்டில இருக்கேலாது பிள்ளை. வீட்டை வந்து சொன்னாத்தானே மரியாதை," என்றா. சரி, வந்து சொல்கிறேன், அருங்காட்சியகத்துக்கு வாருங்கள் என்றேன். "அங்க எலும்புக்கூடும் பானையும்தானே இருக்கும்?" இல்லையக்கா, அது ஒரு வீடு, ஒரு பிரதமர் பெண்சாதி பிள்ளைகளோடு இருந்த வீடு என்று விளங்கப்படுத்தினேன்.

பத்மா அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தா. "அப்ப அதை முதல்லயே சொல்லுறதுக்கென்ன? வீட்டுக்கு வாங்கோ எண்டு சொல்லு, ஆர் வரமாட்டினம்?"

வெறுங்கை

அந்தக் கிழமை முழுக்க வேலை முடிந்து வந்து வீடு வீடாக ஏறினேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தேத்தண்ணி. குடித்த தேத்தண்ணியைக் கணக்குப் பார்த்தால், ஐயாவே எழும்பி வந்து வாக்குக் கேட்டாலும் இவ்வளவு ஆதரவு கிடைத்திராது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஞாயிறு இரண்டு மணிக்கு, நேரம் குறித்த இரண்டு மணிக்கு, வாசலில் நானும் லூக்கும் பனியும் மட்டும்தான். லூக் மணிக்கூட்டைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக நின்றார். எனக்கு அழுகை வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அந்தப் பழைய உணவகத்துக் குசினிக் கதவு கண்ணுக்குள் தெரிந்தது.

மூன்று மணி கடந்த பிறகு வான்கள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களை இறக்கின. பத்மா அக்கா, மட்டக்களப்புக் குடும்பம் ஒன்று, தவராசா அண்ணை, நான் தேத்தண்ணி குடித்த எல்லோரும். எல்லோருடைய கையிலும் பை. பிஸ்கட் டின், அப்பிள், திராட்சை, பத்மா அக்காவின் கையில் ஒரு பெரிய தட்டு நிறையச் சுடச்சுடப் பொரித்த ரோல்ஸ். அருங்காட்சியகத்துக்குள் சாப்பாட்டுப் பொருள் கொண்டுபோக விடமாட்டோம் என்று சுவரில் எழுதியே இருக்கிறது. நான் தடுத்தேன். பத்மா அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தா: "ஒருத்தற்ற வீட்டுக்கு முதன்முதல் வரேக்க வெறுங்கையோட வாறதோ? செத்த மனுசன் எண்டாப்போல?"

எல்லா அறையும்

தட்டையும் பைகளையும் லூக்கின் அலுவலகத்தில் ஒருவழியாக அடைத்துவிட்டு அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போனேன். தமிழில் விளக்கம் சொல்வது இதுதான் முதல் தடவை. எனக்கே ஐயா புதிய மனிதராகத் தெரிந்தார். ஐயாவின் கட்டில் சின்னது என்று கவலைப்பட்டார்கள். குசினியில் புகைபோக்கி நல்லது என்று பாராட்டினார்கள். படிக்கிற அறையில், ஐயாவின் பெரிய படத்துக்கு முன்னால், தவராசா அண்ணை நின்றுவிட்டார். அவர் அகதியாக வந்து, பாத்திரம் கழுவி, வாடகைக்கார் ஓட்டி, இப்போது ஓய்வில் இருக்கிறவர். அதிகம் கதைக்காத மனிதர். "இவற்ற காலத்தில எங்களைப் போல ஆக்களை இந்த நாட்டுக்குள்ள விட்டவையோ?" என்று கேட்டார்.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். விருந்தாளிகளை அழைத்து வந்துவிட்டு இதை எப்படிச் சொல்வது? ஆனால் இந்த வேலைக்கு நான் சம்பளம் வாங்குவதே உள்ளதைச் சொல்லத்தான். "இல்லை அண்ணை. அந்த நேரம் எங்களைப் போன்ற ஆக்களுக்குக் கதவு பூட்டித்தான் இருந்தது. அதைத் திறக்கவேணும் எண்டு இவரும் மினக்கெடேல்லை," என்றேன். தவராசா அண்ணை ஐயாவின் படத்தை இன்னொருதரம் பார்த்தார். கோபப்படவில்லை. கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "அப்ப ஒண்டும் விடாமல் எல்லா அறையையும் வடிவாக் காட்டு பிள்ளை."

வாசல்

மேலே நூலகத்தில் புத்தகங்களுக்குக் காவல் நின்ற மொனிக் இத்தனை பேரின் சத்தத்தைக் கேட்டுப் படியிறங்கி ஓடி வந்தா. தரையைப் பார்த்தா. பிறகு குனிந்து உள்ளங்கையால் தடவியும் பார்த்தா. காய்ந்திருந்தது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது: வந்த பரபரப்பில் நான் என் சப்பாத்துக்கு மாட்டியதோடு சரி, வேறு ஒருவருக்கும் நீல உறை கொடுக்கவில்லை. வாசலை எட்டிப் பார்த்தோம். அங்கே சப்பாத்து மலை. பெரிதும் சின்னதுமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, உப்பும் சேறும் அங்கேயே வடிந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் வெறும் சொக்ஸோடு நின்றார்கள்.

"கழற்றும்படி இவர்களிடம் யார் சொன்னது?" என்று மொனிக் பிரெஞ்சில் கேட்டா. நான் பத்மா அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். "விசரே அவவுக்கு? ஆக்கள் இருந்த வீட்டுக்குள்ள ஆர் சப்பாத்தோட போறது?" என்றா பத்மா அக்கா. பைத்தியமா என்று கேட்ட முதல் வசனத்தை விட்டுவிட்டு மிச்சத்தை மொழிபெயர்த்தேன். "நானும் என் வீட்டில் கழற்றித்தான் வைக்கிறேன்," என்றா மொனிக் மெதுவாக. பிறகு தரையில் இருந்த ஒரேயொரு ஈரத் தடத்தைக் கண்ணால் தொடர்ந்துகொண்டு போனா. அது அலுவலகத்தில் ரோல்ஸ் கடித்துக்கொண்டு நின்ற இயக்குநரின் பளபளப்பான சப்பாத்தில் போய் முடிந்தது.

லூக் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். இடது பெருவிரல் சொக்ஸின் ஓட்டையால் வெளியே எட்டிப் பார்த்தது. அந்தக் கோலத்திலேயே நிமிர்ந்து நின்று, வீடு குளிர்காலத்திலும் திறந்திருக்கவேண்டும் என்று குழுவிடம் தான் சொல்லப்போவதாகவும், வருகிறவர்கள் எவராக இருந்தாலும் சப்பாத்து வாசலிலேயே என்றும் அறிவித்தார். மொனிக் கைதட்டினா. பிரெஞ்சு விளங்காத பத்மா அக்கா அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் காதுக்குள் சொன்னா: "பாவம் பிள்ளை, பெரியாக்களின்ர சொக்ஸும் ஓட்டைதான்."

குழுவும் சம்மதித்து, வீடு அந்தக் குளிர்காலம் பூட்டாமலே இருந்தது. சனத்தை வரலாற்றுக்குள் கொண்டுவருவது எப்படி என்று இப்போது கருத்தரங்குகளில் என்னைக் கேட்கிறார்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள், சப்பாத்து வைக்க வாசலைப் பெரிதாகக் கட்டுங்கள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.