அக்காவின் கண்ணீருக்கு நான் அனுப்பிய சீட்டு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுக்கவும். ஆனால் வேறு ஆளை வைத்து எழுதவில்லை.

அக்கா பிறந்தது ஜீயபுரத்தில். அப்பா காலமானபோது எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினைந்து. வாழைத்தோட்டத்தில் இலை அறுத்துக் கட்டி, அம்மாவோடு சேர்ந்து என்னை வளர்த்தார். தலையில் வாழைத்தார் சுமந்த நான் இன்று பாலக்கரையில் மூன்று மாடி வீடும் ஐந்து லாரியும் வைத்திருக்கிறேன் என்றால், யார் கையைப் பிடித்து வந்தேன் என்று ஊருக்கே தெரியும். உழைப்பு என்னுடையது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்காவைக் கட்டிய மாமா ஸ்ரீரங்கத்தில் மைக் செட் கடை வைத்திருந்தார். கச்சேரி நடக்கும் இடத்துக்கு அக்கா சாப்பாடு கொண்டுபோவார். மைக் செட் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே பாட்டின் மேல் பிரியம் வந்துவிட்டது. ராகத்தின் பெயர் ஒன்றும் தெரியாது. ஆனால் பாடுகிறவர் குரலை இழுத்து ஓரிடத்தில் நிறுத்தினால் அக்காவுக்குக் கண் நிறைந்துவிடும். மாமா போனபின், பிள்ளை இல்லாத அக்காவை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துச் சபாவுக்குப் போய் வருவார்.

இங்கேதான் என் மனசைக் குடையும் விஷயம் வருகிறது. சபாவில் அக்கா தேம்பித் தேம்பி அழுததை நம் சொந்தத்தில் ஒருவர் பார்த்திருக்கிறார். "தம்பி வீட்டுல என்ன கொடுமையோ, பாவம்" என்று சமயபுரம் வரைக்கும் பேச்சு பரவிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தனி அறை, ஏசி, வேலைக்கு ஆள். என்ன குறை வைத்தேன்?

அடுத்த சனிக்கிழமை நானே காரில் கூட்டிப்போனேன். அந்தச் சபாவுக்கு நாற்காலி எல்லாம் நான் வாங்கிக் கொடுத்தது. அதனால் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பாடகி தாளம் இல்லாமல் ஒரு விருத்தம் எடுத்தார். பழைய தமிழ்ச் செய்யுள், நாலு அடி. முதல் அடியிலேயே அக்காவுக்குத் தாரை தாரையாக வழிந்தது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் என்னைத்தான் பார்ப்பதாக எனக்குப் பட்டது. விருப்பப் பாட்டு கேட்டு மேடைக்குத் துண்டுச் சீட்டு அனுப்புவார்கள் அல்லவா? நானும் அனுப்பினேன். 'அழுகைப் பாட்டு போதும். சந்தோஷமாக ஒன்று பாடவும்' என்று எழுதி, கீழே என் பெயரையும் போட்டேன்.

பாடகி படித்தார். இரண்டு அடியோடு விருத்தத்தை நிறுத்திவிட்டு, துள்ளலான பாட்டுக்குப் போய்விட்டார். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன்.

திரும்பும்போது காரில் அக்கா கேட்டார்.

"ஏன்டா, அந்தச் சீட்டு உன்னுதா?"

"ஆமாக்கா. நீ அழுவுறதப் பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றியா?"

"பாதி சோத்துல இலைய எடுத்துட்டியேடா."

அதற்குப் பிறகு அக்கா சபாவுக்குப் போகவில்லை. கார் வாசலில் நின்றாலும் "முட்டி வலிக்குதுடா" என்பார். இரண்டு வருடம் அப்படியே போனது.

கடைசியில் ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கப் படுத்திருந்தபோது கேட்டே விட்டேன்.

"உண்மையச் சொல்லுக்கா. என் வீட்டுல உனக்கு என்ன கொறை?"

"ஒரு கொறையும் இல்லடா. துக்கத்துல அழுதா தலை வலிக்கும். அங்க அழுதா பசி அடங்குன மாதிரி இருக்கும்."

"அப்ப வீட்டுலயே போட்டுக் கேட்டிருக்கலாம்ல? அம்மாம் பெரிய டிவி வாங்கி வச்சேனே!"

"வீட்டுல எந்நேரமும் உன் குரல்தானேடா கேக்குது. அதுக்கு நடுவுல நான் எங்கேருந்து அழுவுறது?"

நர்ஸ் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். நாலாம் நாள் அக்கா போய்விட்டார். என் வீட்டில் அக்கா ஒருநாளும் கண் கலங்கியதில்லை என்றுதான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வந்தேன். அது பெருமைதானா என்று இப்போது தெரியவில்லை.

காரியத்தன்று ஸ்ரீரங்கத்திலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். சபாவில் கடைசி வரிசையில் அக்காவோடு உட்காருகிறவர்களாம்.

"எதுக்கு அழுவாங்கன்னு உங்ககிட்டயாவது சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டேன்.

ஒருவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "அதெல்லாம் யாருங்க கேப்பா? அவங்க அழுதா நாங்களும் அழுவோம். முடிஞ்சதும் காபி குடிச்சிட்டு பஸ் ஏறிடுவோம்."

அக்காவுக்குக் கூடவே இருந்து எல்லாம் செய்த என் மனைவிக்கும், ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், தோள் கொடுத்த பாலக்கரைக்காரர்களுக்கும் என் நன்றி. அந்த மூன்று பேருக்கும் நன்றி சொல்ல வேண்டும். பெயர் கேட்டு வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. கூடப் பிறந்த நான் எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். அவர்கள்தான் அக்காவை அழ விட்டவர்கள்.

அக்கா வளர்த்த தம்பி